எல்லை விபரம்

காணிப் பதிவகத்தில் எனக்கு வேலை.
பதினாறு வருசமாக உறுதிகளைப் பிரதி எடுக்கிறேன்.
கிழக்கு ஒழுங்கை. வடக்கு இன்னாரின் பெண்சாதி பிள்ளைகள்.
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு,
வழி, வாய்க்கால்;
துலா மிதிக்கும் முறைநாள் கூட
ஒரு பழந்தாளில் கண்டிருக்கிறேன்.
வேலிக்கு மேலால் சாய்ந்த மாங்கொப்புக்கு
இரண்டு தலைமுறை கோடேறிய ஊர் இது.

காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

கொக்குவிலில், மூன்றாம் மாடியில்,
வேலியே இல்லாத வீடு வாங்கினோம்.
கறையான் தின்னாது, கதியால் நகராது,
ஆரோடும் சண்டை வராது என்று
இவர் சொல்லிச் சொல்லி வாங்கினது.
சோளகம் பிறக்கும்வரை அப்படித்தான்.

இரவு பத்தரை.
கீழ்வீட்டுப் பேரின்பநாதன் கடையால் வந்து
குளித்து, சாப்பிட்டு,
பல்கனியில் கதிரையை இழுக்கிற சத்தம்.
பிறகு தீப்பெட்டி.
பிறகு எங்கள் நுளம்பு வலைக்குள் அது.
வர்ணிகா தலையணையை முகத்தில் அமத்துவாள்.
நீலப் பம்பை நான் இருட்டிலேயே எடுப்பேன்.
குலுக்கி, ஒன்று.
எண்ணி முப்பது.
இன்னொன்று.

யன்னலைப் பூட்டினால் வெக்கை.
திறந்தால் பேரின்பநாதன்.

ஒருநாள் படியிறங்கிப் போனேன்.
மரியாதையான மனிசன். தேத்தண்ணி வந்தது.
"என்ர வீடு, தங்கச்சி. என்ர காசு.
றோட்டிலயா நிண்டு பத்தச் சொல்லுறியள்?"
பிள்ளையின் நெஞ்சைச் சொன்னேன்.
கொஞ்சநேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டு
"நீங்கள் ஏழாலை வல்லிபுரத்தாற்ற மகளெல்லே" என்றார்.
"எத்தினை ஆயிரம் கண்டு நட்ட மனிசன்."

உண்மை.
அப்பாவின் செம்மண்ணில் புகையிலையைத் தவிர
வேறெதுவும் நின்றதாக நினைவில்லை.
இலை வித்த காசு என் பள்ளிச் சப்பாத்து,
என் சீதனம், இந்த மூன்றாம் மாடி,
இந்த யன்னல்.
குடிலில் புகை போட்ட இரவுகளில்
பக்கத்து வளவில் ஒரு மனுசி விடிய விடிய இருமுவா.
வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்து
நாங்கள் அதேபோல இருமிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.
அவவின் பேர் என்ன?

தேத்தண்ணியைக் குடியாமல் ஏறி வந்தேன்.
கதவைச் சாத்தின பிறகுதான் பதில் வாயில் வந்தது:
அதுக்காக என்ர பிள்ளை மூச்சு விடக்கூடாதோ?

மாதக் கூட்டத்தில் மிஸிஸ் அருளப்பு கதையை எடுத்தா.
தண்ணித் தாங்கி, லிஃப்ற், குப்பை வண்டி,
மொட்டை மாடியில் ஆரோ காயப்போட்ட கருவாடு,
கடைசியாகப் புகை.
பதினொரு வீட்டார் கை தூக்கினார்கள்.
பேரின்பநாதனும் தூக்கினார்,
என்னைப் பாராமல்.

இப்போது பத்தரைக்கு அவர்
செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்,
மழையென்றால் குடையோடு.
நாங்கள் யன்னலை அகலத் திறந்து படுக்கிறோம்.
மேல்வீட்டில் மீன் பொரிக்கிற மணம் வருகிறது.
வரட்டும்.

நேற்று பாமசியால் வர பிந்திவிட்டது.
படலையடியில் பேரின்பநாதன்.
அவருக்குப் பின்னால், நாலடிக்கு ஆறடி,
தகரம் அடித்த காவல் அறை.
ஒரே ஒரு யன்னல்; அது அவர் நிற்கிற பக்கம்.
உள்ளே முத்துராசன், கிளிநொச்சியால் வந்தவர்,
சாரத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி
எனக்குப் படலை திறக்க எழும்பினார்.
இருமலை விழுங்கி,
"வாங்கோ அம்மா" என்றார்.

இந்தக் கட்டடத்தின் வரைபடம் எனக்குப் பாடம்.
எல்லாத் தூணும் தெரியும், எல்லா எல்லையும்.
அந்த அறை அதில் இல்லை.
கூட்டத்தில் அவருக்குக் கதிரை போட்டதும் இல்லை.

பையைக் கை மாற்றிக்கொண்டு
"போட்டு வாறன்" என்றேன்,
இரண்டு பேருக்கும் பொதுவாக.