துரு வடக்கே போகிறது

மார்ச் பன்னிரண்டு, காலை ஆறு மணி.
ஓக்லஹோமாவிலிருந்து வைனோனா டைகர் அழைத்தாள்:
"வந்துவிட்டது. கோதுமையின் கீழிலைகளில்,
மஞ்சள் வரிவரியாய்."
நலம் விசாரிக்கவில்லை.
காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னாள்.
கான்சாஸில் எனக்குப் பத்து நாள்.
நெப்ராஸ்காவில் டெல்பர்ட் குச்சேராவுக்கு
மேலும் பத்து.

துருநோய்க்கு மாநிலம் தெரியாது.
வெறும் பொடி; தென்காற்றில் ஏறினால்
விடிவதற்குள் கோட்டைத் தாண்டிவிடும்.
கைப்பிடி விதை தாண்டத்தான்
ஏழு கையெழுத்து.

போன செப்டம்பரில் ஏழாமவர்
மினசோட்டா ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.
ஆறு கையெழுத்தோடு நாங்கள்
எண்பத்தொன்றாம் நெடுஞ்சாலையில்
எல்லையோரப் பெட்ரோல் பங்கில் நின்றோம்.
டெல்பர்ட் சிவப்புத் தொப்பி, நான் ஊதா.
சனிக்கிழமை மைதானத்தில்
இந்த இரண்டு நிறமும்
முகம் கொடுத்துப் பேசாது.
அன்று செவ்வாய்.
கார்களின் பின்பெட்டியைத் திறந்து
நூற்று நாற்பது காகித உறைகளை
மாற்றிக்கொண்டோம்.
பார்த்த கடைப்பையன்
வேறெதையோ விற்கிறோம் என்று நினைத்திருப்பான்.
வைனோனாவின் பங்கு தபாலில் போனது,
பழைய செருப்புப் பெட்டியில்.

மே மாதம். மூன்று வயலிலும்
417 மட்டும் பச்சையாய் நின்றது.
அப்புறம் என்ன, சண்டைதான்.
யார் பெயர் முதலில், யாருக்கு எத்தனை சதவீதம்:
மூன்று வழக்கறிஞர்கள், ஒரு மேசை,
கதிரைத் தொட்டறியாத மூன்று பேனாக்கள்.
நானும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன்,
"தாய்ச்செடி எங்களுடையது" என்று.
இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

ஜூன் பதினாறு. நாலு நிமிட ஆலங்கட்டி.
என் வயலில் வைக்கோல்கூட மிஞ்சவில்லை.
டெல்பர்ட் வயலில் மணி
இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்தது;
பறித்தால் முளைக்காது, பொறுத்தால்
மேகம் அங்கேயும் போகலாம்.
வைனோனாவை அழைத்தேன்.
அந்த மின்னஞ்சலின் நகல் அவளுக்கும் போயிருந்தது.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் அறுவடை இயந்திரம் ஓடும் சத்தம்.
பிறகு,
"புதன்கிழமையே அறுத்தாயிற்று.
எத்தனை பவுண்டு வேண்டும்?"

விதை வந்தது,
துரு வந்த அதே வழியில்.
செருப்புப் பெட்டியும் அதேதான்.
உறைகளின் மேல் என் எண்,
அவள் கையெழுத்தில்:
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
இங்கே நாங்கள் அப்படிப் போடுவதில்லை.
திருத்தி எழுதப் பேனாவை எடுத்தேன்,
மூடி வைத்துவிட்டேன்.

ஏரிக்குப் போனவர் திரும்பிவிட்டாராம்.
படிவம் அவர் மேசையில் இருக்கிறது.