ஒன்றாம் தேதியிலிருந்து

அக்டோபர் முப்பத்தொன்று மாலை வரை
எட்டுப் பேருக்கு உயிர் இருப்பதாகச் சொன்ன கருவி
மறுநாள் காலையில் தானே செல்லாமல் போனது.

மேலூர் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசை,
டீக்கடைக்கும் ஸ்டாம்பு வெண்டருக்கும் நடுவே என் கடை.
கண்ணாடியைத் துடைத்தேன்.
வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
சிவப்பு விளக்கு எப்போதும்போல் விழித்தது.
திரையில் மட்டும் ஒரு வரி:
இந்தச் சாதனம் இனி ஏற்கப்படாது.
ஏன் என்று கேட்க இடமில்லை.
அடியில் 'சரி' என்று ஒரே பொத்தான்.

வரிசையில் முதல் ஆள் சோணைமுத்து.
நத்தம் ரூட்டில் டிக்கெட் கிழித்துக் கிழித்தே
ரேகை தேய்ந்த கட்டைவிரல்.
தப்பு தன்மேல்தான் என்று
எச்சில் தொட்டு, வேட்டியில் துடைத்து
மறுபடி வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"விரல் நல்லாத்தான் இருக்குய்யா.
மெசினும் நல்லாத்தான் இருக்கு."
"பெறகு?"
"மேல இருந்து வேணாம்னுட்டாங்க."
"கிழியாத நோட்டைச் செல்லாதுன்னாங்களே, அது மாதிரியா?"
"அதேதான்."
"அன்னைக்கும் பை என் தோள்லதான் தொங்குச்சு" என்றார்.

மதியமே மதுரைக்குப் பஸ் ஏறினேன்.
டவுன்ஹால் ரோட்டில் ஜெயிலானி பாய்
மூவாயிரத்து இருநூறுக்குப் புதுசு எடுத்து வைத்தார்.
அதே கறுப்பு, அதே கண்ணாடி, கையில் அதே கனம்.
"உள்ள என்ன மாத்தம் பாய்?"
"ஒரு சாவிம்மா. அங்க பூட்டை மாத்திட்டாங்க."
"அந்தச் சாவியப் பழசுக்கே குடுத்தா?"
அவர் பில் போட ஆரம்பித்தார்.
"இதாவது எத்தனை வருசம் வரும்?"
"பொருள் பத்து வருசம் வரும்."
பொருள் என்ற இடத்தில் பேனாவைக் கொஞ்சம் அழுத்தினார்.

ஒத்தக்கடை தாண்டும்போது கணக்குப் போட்டேன்.
ஆளுக்கு எழுபது ரூபாய்.
நாற்பத்தாறு பேர் உயிரோடு வந்தால்
போட்ட காசு திரும்பும்.

சாயங்காலம் வரை டீக்கடையிலேயே காத்திருந்த சோணைமுத்து
மூன்றாவது முறையில் உயிரோடிருந்தார்.
தாளை நான்காக மடித்து
எழுபதையும் சில்லறையாகவே எண்ணி வைத்தார்.

இரவு, பாதி ஷட்டர் இறக்கியபின்
பழசைச் செருகிப் பார்த்தேன்.
சோதனைப் பக்கத்தில் என் கட்டைவிரல்.
பளிச்சென்று வாங்கிக்கொண்டது,
சுழி, வரி,
வெங்காயம் நறுக்கையில் விழுந்த தழும்பு உட்பட.
இதை வைத்துக்கொண்டு அது யாரிடம் போய்ச் சொல்லும்?

வயரைப் பிடுங்காமலே பூட்டினேன்.
கரண்டு என்ன பெரிதாகக் குடித்துவிடப் போகிறது.