வருகையின் நோக்கம்

ஆடி மாதம். கச்சான் காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது.
சாப்பாட்டு மேசையில் அயர்லாந்து விரிந்து கிடக்கிறது,
பறந்துவிடாமல் நாலு மூலையிலும் பாரம்:
உப்புப் போத்தல், பூட்டு, நளாயினியின் கண்ணாடிக்கூடு,
பாதி தின்ற விளாம்பழம்.

இருபத்தாறு வருடமாக நான் மழை அளக்கிறவன்.
தினமும் காலை எட்டரைக்கு
மழைமானியின் புனலைக் கழற்றி
உள்ளே ஒன்றுமில்லை என்பதைப்
பேரேட்டில் எழுதிக் கையொப்பம் வைக்கிறவன்.
போன ஆனி முழுக்கப் பூச்சியம்.
பூச்சியத்துக்கும் சம்பளம் தருகிறார்கள்,
குறை சொல்ல மாட்டேன்.

ஆகவேதான் மேற்குக் கரை என்றேன்.
கால்வேக்கு அப்பால்,
வானமும் புல்லும் ஒரே ஈரத்தில் கிடக்கிற இடம்.
குடை வேண்டாம்.
சாந்து பூசாமல் அடுக்கிய ஏதாவதொரு கல்மதிலில் சாய்ந்து
ஒருமுறை
அளக்காமல் நனைய வேண்டும்.

நளாயினிக்கு வேறு கணக்கு.
வங்கிக் கூற்று ஆறு மாதத்துக்கு.
சீட்டுக் காசு ஐப்பசியில்தான் கைக்கு வரும்.
ரிக்கற்றை இப்போதே எடுத்தால் மலிவு,
விசாவுக்கு முன்னால் எடுத்தால் மடமை.
இரவில் மதுச்சாலையில் பிடில் வாசிப்பார்களாம்,
மேடை இல்லை, கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டு.
"குடிக்காட்டி உள்ள விடுவினமோ?"
"தேத்தண்ணியும் இருக்குமாம்."
"அப்ப சரி" என்று அதன் பக்கத்தில் ஒரு கோடு கீறினாள்.

கந்தோரில் பவுசான் சிரிக்கிறான்:
"மழை பாக்கவா இருவது லட்சம்?
மார்கழியில கிண்ணியாவுக்கு வாங்க, எங்கட ஊட்டுக்குள்ளயே
முழங்கால் மட்டும் சும்மா காட்டுறன்."
உண்மைதான். எங்கள் மழை
வேலைக்கு வருகிற மழை.
குளம் நிரப்பும், வயல் அழிக்கும், நிவாரணப் பட்டியல் எழுத வைக்கும்.
வேலையில்லாத மழையை நான் இன்னும் கண்டதில்லை.

வரைபடத்தின் வடக்கே ஒரு கோடு,
மண்புழு நடந்த தடம் போல.
"இதென்ன?"
"எல்லை. அங்கால வேற நாடு."
"செக்பொயின்ற்?"
"ஒண்டுமில்லையாம். பஸ் நிக்காதாம்.
வேகப் பலகையில கிலோமீற்றர் மைலா மாறும், அவ்வளவுதான்."

அவள் விரல் அந்தக் கோட்டில் இருந்தது.
எடுக்கவில்லை.
ஓமந்தையில் இறங்கி, பையைக் கவிழ்த்துக் காட்டி,
வெயிலில் வரிசையாய் நடந்து
அங்கால் இன்னொரு பஸ் ஏறிய கால்கள் அவளுக்கு.
"நான் இதுக்குத்தான் வாறன்" என்றாள்.
"இதைக் கடக்கேக்க நான் நித்திரையா இருக்க வேணும்.
எழுப்பாதேங்கோ."

அன்றிரவு விதிகளை வாசித்தேன்.
கம்பி இல்லை, காவல் இல்லை,
ஆனால் எங்கள் கடவுச்சீட்டுக்கு
அங்கால் போக இன்னொரு விசா.
அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள்.
கேட்காவிட்டாலும் வேண்டும்.
அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

ஏன் சிரித்தாளோ தெரியாது.
"அப்ப மைல் பலகை தெரியிற தூரத்துக்குப் போவம்.
இஞ்சால நிண்டு
ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத் திரும்புவம்."

சனிக்கிழமை போட்டோகொப்பி எடுக்க நகரத்துக்குப் போனோம்.
மிச்சக் காசு வாங்கித் திரும்புவதற்குள்
ஓட்டோ இருக்கையில் வைத்த உறையைப்
புள்ளிமான் ஒன்று இழுத்து
நாலாம் நாளையும் ஐந்தாம் நாளையும் தின்றுவிட்டது.
செங்குத்துப் பாறைகள், செம்மறிச் சந்தை,
கிளிப்டனில் காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவு.
ஓட்டோக்காரர் கை ஓங்கினார்.
"விடுங்கோ, மழையில்லாத நேரம்
அதுக்கும் புல்லு வேணும்தானே" என்றாள் நளாயினி.

விண்ணப்பத்தில், வருகையின் நோக்கம் என்ற இடத்தில்
விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி.
சுற்றுலா என்று எழுதினேன்.
இன்னும் இடம் மிஞ்சியிருந்தது.
பேனையை அவளிடம் நீட்டினேன்.
மூடியைத் தேடிப் போட்டு மேசையில் வைத்தாள்.

நாளைக்கு எட்டரைக்குக் கந்தோர்.