செவ்வாய், வெள்ளி

செவ்வாய்க்கு ஒரு லோடு, வெள்ளிக்கு ஒரு லோடு.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
ஜாகீர் அம்மாபாளையம் தாண்டி
வெள்ளைக்கல் புழுதியில் எழும்பிய அடுக்குமாடி.
குடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.
குடித்தது புல்.

கொரியப் புல்லாம்.
அதன்மேல் நடக்கக் கூடாது, உட்காரக் கூடாது,
ஆடு இருந்தால் அதுவும் மேயக் கூடாது.
சித்திரையில் அது பச்சையாய்க் கிடக்க
ஓமலூர்க் கிணற்றடியில்
ராத்திரி இரண்டு மணிக்கு
லாரியை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்குவேன்.
சேர்வராயன் உச்சியில் மேகம் நிற்கும்.
எங்கள் பக்கம் இறங்காது.

தை மாதக் கூட்டத்தில் விதி எழுதினார்கள்.
லிஃப்ட் அருகே ஒட்டியிருந்தது:
புல்தரை இனி இல்லை.
இந்த மண்ணுக்கு உரியது மட்டும்.
ஆவாரை, நொச்சி, ஆடாதோடை.
தும்பை தானாக வந்தால் தடுக்க வேண்டாம்.
எருக்கு பற்றி அடுத்த கூட்டத்தில்.

ஹெப்சிபா டீச்சர் தன் ரோஜாத் தொட்டிகளுக்கு
விலக்கு வாங்கிக்கொண்டார்,
ஏசியில் சொட்டும் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவேன்
என்று எழுதிக் கொடுத்து.

செயலர் திருமேனி
சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர்.
ஆள் வைக்காமல் தானே குனிந்து
புல்லைப் பாய் மாதிரி சுருட்டினார்.
அடியில் வெள்ளை மண்.
வெயில் பட்டதும் கண் கூசியது.
பால்கனிகளில் நின்றவர்கள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு மாதம் எட்டு லோடு போயிற்று.
லாரித் தவணை இன்னும் இருபத்துமூன்று.
விதி எழுதியவருக்கு அது தெரியாது,
நொச்சிக்கும் தெரியாது.
வீட்டில் ரசத்துக்குப் புளி குறைந்தால்கூட
ஆவாரையைத்தான் திட்டினேன்.

ஆனியில் பழைய பாக்கி கேட்கப் போனேன்.
நட்ட செடிகளுக்கெல்லாம் தகரத்தில் எண்,
சுற்றிலும் சல்லிக்கல்.
பாதி பிழைத்திருந்தது,
பாதி யோசித்துக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு வெளியே, இடப்பக்கம்,
என் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்
ஓர் ஆவாரை.
எண் இல்லை. சல்லி இல்லை.
இடுப்பளவு, மஞ்சளாய்,
ஒரு கிளை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு.

என் வால்வு ஒழுகும்.
ஆறு வருஷமாய் வாஷர் மாற்றவில்லை.
வண்டி வந்து ஐந்து மாதம் ஆகிறது,
அதற்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டுத்
திருமேனி சார் சொன்னார்:
"இது ஒண்ணு மட்டும் எப்படி வந்துச்சுன்னு புரியலை."

எனக்குப் புரிந்தது.
சொல்லவில்லை.
ஒழுகின தண்ணிக்குக் கணக்குக் கேட்பார்.