இசட் டிரைவ்

நாலு நிமிஷம் இருபது செகண்ட்.
செல்போனில் வைத்துப் பார்த்தேன், மூன்று நாள்.
பட்டனை அமுக்கிவிட்டுப் போய்
அடுப்பில் தண்ணீர் வைத்து, தேயிலை போட்டு,
பிச்சையாவின் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வந்தாலும்
கருந்திரையில் அந்தப் புள்ளிகள்
செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

முசாஃபா, ஷாபியா பத்து.
ஒரு அறை, ஆறு கட்டில், ஒரே ஒரு ஜன்னல்,
அதையும் ஏசி அடைத்துக்கொண்டது.
லேப்டாப் என் கட்டிலில்தான் தூங்கும்.
"விசிறி இரைகிற இரைச்சலுக்கு
இந்நேரம் திருச்சியில் இறங்கியிருக்கணும்"
என்பான் பிச்சையா.

ஞாயிற்றுக்கிழமை இதாயத்துல்லா வந்தான்.
பரங்கிப்பேட்டைக்காரன். சின்ன ஸ்குரூ டிரைவரைக்
காதில் பென்சில் மாதிரி செருகியிருப்பான்.
முதுகுப்புறம் பதினொரு திருகாணி,
அவற்றை ஊறுகாய் மூடியில் போட்டான்.
உள்ளே
இரண்டு கோடையின் புழுதி,
விசிறியின் இதழ்களுக்கிடையே கம்பளிபோல் படிந்து.
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினான்.
இருமினோம், மூன்று பேரும்.

மூடிப் போட்டபோது
நாலு நிமிஷம் பத்து செகண்ட்.

"வாசலிலேயே கூட்டம் நிற்குது பாரு" என்று
ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான்.
திரை விழித்ததும் கூடவே விழிக்கிறவர்கள்:
லைசென்ஸ் முடிந்த ஆன்டிவைரஸ்,
நான் தொட்டே பார்க்காத மெசஞ்சர் ஒன்று,
பழைய ஆபீஸின் பிரின்டர்
(அதன் சிவப்பு விளக்கு எனக்கு இன்னும் ஞாபகம்).
ஒவ்வொன்றாய் அடக்கினான்.
மூன்று ஐம்பது.

"டிஸ்க் பழசு. எஸ்எஸ்டி போட்டால் பறக்கும்.
நூற்றுப் பத்து திர்ஹம்."
தேதி இருபத்திரண்டு.
நான் அடுப்பைப் பார்த்தேன்,
அவன் அதற்குமேல் சொல்லவில்லை.

பிறகு என்ன தோன்றியதோ,
டிரைவ்களின் வரிசையைத் திறந்தான்.
கடைசியில் இசட், அதன்மேல் சிவப்புப் பெருக்கல்குறி.
"இது எங்கே இருக்கு?"
கம்பெனி சர்வர், என்றேன்.
"கம்பெனி எங்கே இருக்கு?"

சாரம் கட்டும் கம்பெனி. எம் முப்பத்தேழில் இருந்தது.
நான் அங்கே ஸ்டோர்கீப்பர்.
போன மார்ச்சில் ஒரு மத்தியானம்
பிக்கப் வந்து நாற்காலிகளை ஏற்றியது.
சர்வரைப் போர்வையில் சுற்றி
கடைசியாய்த் தூக்கினார்கள், நோயாளியைப் போல.
ஒரு முனையைப் பிடித்ததே நான்தான்.
பாக்கி மூன்று மாதச் சம்பளம்.
அதில் ஒரு மாதத்துக்கு என்று
மேனேஜர் இந்த லேப்டாப்பைக் கையில் கொடுத்து
என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கினார்.

"அப்ப இதுதான்" என்றான் இதாயத்.
"தினமும் எழுந்ததும் அந்த ஆபீஸைத் தேடுது.
கதவைத் தட்டுது. பதில் இல்லை.
மறுபடி தட்டுது.
சலித்துப்போன பிறகுதான் உனக்கு முகம் காட்டுது."

பிச்சையா சிரித்தான்.
நான் வேலையில்லாத அந்த ஏப்ரல் முழுக்க
நாலரைக்கு எழுந்து, ஷேவ் பண்ணி,
பஸ் வராத ரவுண்டானா வரை
நடந்து திரும்பியதை அவன் அறிவான்.
சொல்லவில்லை. சிரிப்பை மட்டும்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

துண்டிக்கவா, என்று கேட்டது திரை.
ஆம்.

ஒரு நிமிஷம் ஐந்து.
டீ கொதிக்கவேயில்லை.
"பார்த்தியா, பைசா செலவில்லை" என்றான் இதாயத்,
மூடியிலிருந்த திருகாணிகளை எண்ணி.
பத்துதான் இருந்தன.
கட்டிலடியில் டார்ச் அடித்துத் தேடினோம், கிடைக்கவில்லை.

போகும்போது திரையின் மூலையைத் தொட்டுக் கேட்டான்:
"இந்த ஷார்ட்கட்டும் இசட்டில் இருந்ததுதானே?
இனித் திறக்காது. அழித்துவிடவா?"
ஊதியப் பாக்கி, மார்ச் வரை. எக்செல்.
நாற்பத்தேழாவது வரிசை நான்.

இருக்கட்டும், என்றேன்.
"சரி" என்றான். "அது வேகத்தைக் குறைக்காது."