வெறும் வண்டியின் எடை

பகாவ் தாண்டி, செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
பதினாறு வருஷமாக அதில் நான்.
லோரி ஏறி நிற்கும். எண் நடுங்கி நடுங்கி அடங்கும்.
அடங்கிய பிறகுதான் பதியணும்.
குலையைக் கொட்டிவிட்டு
வெறும் வண்டியாய் மறுபடி ஏறும்.
அதிலிருந்து இதைக் கழித்தால் பழம்.

கூண்டை விட்டு இறங்கினால் நான் வேறு ஆள்.
மோட்டார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு
சந்தைவரை நடந்தே போனவள்.
தண்ணீர் பில்லை ஒரே மாதத்தில் இருமுறை கட்டி
அடுத்த மூன்று மாதம் மறந்தவள்.

"உன் கையில கொடுத்தா
கடல்ல கரைச்ச பெருங்காயம்தான்."
இது அம்மா, என் ஒன்பது வயதில்,
ஒற்றைத் தோடு தொலைந்ததற்காக.
அதே வருஷம் தங்கரத்தினம் டீச்சர்
என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.
காய்ந்த ரொட்டி, இரண்டு ரப்பர் விதை,
யாருடையதோ ஒரு பென்சில்.
வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.
பிறகு கதிரேசன். போகும்போது அதிகம் பேசவில்லை.
"இந்த வீட்டுல எதைத் தேடினாலும்
வேற ஒண்ணுதான் கிடைக்குது" என்றான்.

யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிடப் பழகினேன்,
"நமக்கு அதெல்லாம் வராதுங்க" என்று,
சிரிப்போடு,
முன்பணம் கட்டுவதுபோல.

மார்ச்சில் ஷர்வினாவுக்குப் பாலிடெக்னிக் பாரம்.
பிறப்புப் பத்திரம் வேண்டும்.
இரவு இரண்டு மணிவரை
மைலோ டின், தையல் டப்பா, மெத்தையின் அடி,
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியின் துணிப்பை.
கிடைத்தது, அன்று தொலையாத
அந்த இன்னொரு தோடு.
முப்பத்து நான்கு வருஷம்
என்னிடமேதான் இருந்திருக்கிறது.
மகள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கூண்டுக்கு வந்தார் லோரிக்கார ஹாலிம்.
பிப்ரவரிச் சீட்டு ஒன்று, தவுக்கே ஒத்துக்கொள்ளவில்லை,
ஏதோ இருநூறு கிலோ...
அவர் முடிக்கவில்லை.
என் கை பின்னால் போய்
மூன்றாவது அட்டை, பச்சை நூல்,
எடுத்து நீட்டிவிட்டது.
"உங்ககிட்ட எதுவும் தொலையாது அக்கா,"
மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

யாருடைய கை இது?

வெளியே அவருடைய லோரி மேடையில் நின்றது,
வெறும் வண்டி.
எட்டாயிரத்து நானூற்று அறுபது.
நடுங்கி, அடங்கி, அங்கேயே நின்றது எண்.
இத்தனை வருஷம்
வண்டியையும் சேர்த்தே
என் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

மாலையில் சின் ஹோங் கடையில் ஓர் ஆணி. நாற்பது சென்.
பெட்டி, தட்டு, வண்ண ஒட்டுத்தாள் எதுவும் வாங்கவில்லை.
அதையெல்லாம் முன்பே வாங்கித் தொலைத்தாயிற்று.
கதவுக்கு உள்பக்கம், தோள் உயரத்தில் அடித்தேன்,
சாவிக்கு மட்டும்.
முதல் நாள் மாட்டினேன்.
இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும்.
நான்காம் நாள் சாவி
மீன் பையோடு சிங்க்கில் கிடந்தது.
பழைய வாக்கியம் உதடுவரை வந்துவிட்டது.
எண் இன்னும் நடுங்குகிறது, இப்போது பதியாதே
என்று சும்மா இருந்தேன்.
ஐந்தாம் நாள் மாட்டினேன்.

பதிவிலாகாவில் நகல் எடுத்தோம்.
ஆணிக்குக் கீழே பச்சை நூல் கட்டிய அட்டை ஒன்று வந்தது.
உள்ளே நான்கே தாள்.
மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று
இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

நேற்று ஷர்வினா உள்ளேயிருந்து கத்தினாள்:
"அம்மா, கத்தரிக்கோல் எங்க?"
"அட்டைக்குப் பக்கத்து டின்ல."
யோசிக்காமல் வந்த பதில்.
போய்ப் பார்த்தாள். இல்லை.
எனக்குக் காது சூடானது.
கொஞ்ச நேரம் கழித்து அவள் அறையிலிருந்து
சின்னக் குரல்:
"நான்தான் எடுத்தேன் போல..."

தேடட்டும் என்று
காலை நீட்டி உட்கார்ந்து
ஆறுவதற்குள்
தேநீரைக் குடித்து முடித்தேன்.