சாய்கோடு

வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில்
வாடகைக்கு இருப்போர் பதிவுப் படிவம்
மூன்று மொழியில் மூன்று தடவை கேட்கிறது:
இனம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.
குமுதவல்லி, ஏ, சாய்கோடு, பி, செல்லமுத்து.
"யார் இந்த ஏபி? கணவரா?"
மகள் என்று அர்த்தம்.
"யாருடைய மகள்?"
செல்லமுத்துவின்.
"அப்போ இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா?"
மலேசியா.
"அது நாடு. நான் கேட்டது இனம்."

கிள்ளானில் எனக்கு எழுதிய பிறப்புப் பத்திரத்தில்
இனம்: இந்தியர்.
அந்த இந்தியாவை நான் பார்த்தது ஒருமுறை,
சென்னை விமான நிலையத்தில், நாலு மணி நேரம்,
கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.
வெளியே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
அவர் தானாக ஏதோ நிரப்பிக்கொண்டார்.
என்ன என்று கேட்க எனக்கும் துணிவில்லை.

காலி வீதிக் கடையில்
"அண்ணே, பசியாறியாச்சா?" என்றேன், ஒரு மரியாதைக்கு.
மாப்பை அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.
நீங்க யாழ்ப்பாணமில்லை என்றார்.
மட்டக்களப்பும் இல்லை.
"ஹட்டன் பக்கமோ?"
என் தமிழை வைத்து
தீவு முழுக்க என்னைத் தேடிப் பார்த்துவிட்டு
மீதிக் காசைத் தந்தார்.

நானும் யோக்கியமில்லை.
வீட்டுக்காரி திருமதி பெர்னாண்டோபுள்ளேயிடம்
மூன்று வாரம், தினமும், படிக்கட்டில் நின்று
கைத்தொலைபேசி சொல்லித்தந்த 'சுப உதெசனக்'.
நாலாம் வாரம் அவர் சொன்னார்:
"பிள்ளை, அது நல்லாத்தான் இருக்கு.
ஆனா தண்ணி மோட்டரை நிப்பாட்டச் சொல்லித்
தமிழிலயே சொல்லலாம்."

பிறகு அந்த மழை.
பம்பலப்பிட்டியில் கையை நீட்டியதும் நின்ற ஓட்டோ.
தொப்பி, நரைத்த தாடி,
கண்ணாடியில் ஆடும் பச்சைத் தஸ்பீஹ்.
தமிழில் கொம்பனித்தெரு என்றேன்.
தமிழில் ஏறுங்க என்றார்.
எல்லாம் விளங்கிவிட்டது எனக்கு.
கொள்ளுப்பிட்டி நெரிசலில் அவரே கேட்டார், எந்த ஊர் என்று.
மலேசியா.
பிரேக்கை மிதித்தபடி திரும்பினார்.
"நான் மலாய்க்காரன். துவான் அர்ஷாத் சல்தீன்."

"பார்த்தா மலாய்க்காரர் மாதிரி தெரியலையே"
என்றது என் வாய்.
என் வாயேதான்.

கண்ணாடிக்குள் அவர் கண்கள்
கோபப்படவில்லை.
"நீங்க மட்டும் மலேசியா மாதிரியோ?"

மழைத் திரையை இறக்கிக் கட்டிவிட்டு
மாக்கான் என்றேன், சாப்பாட்டுக்கு.
மாக்காங் என்றார் அவர்.
ஆயெர் இருவருக்கும் ஒரே தண்ணீர்.
முன்னூறு வருசமாக எங்க வீட்டுச் சமையலறையில் மட்டும்
இருக்கிற பாஷை, என்றார்,
பிள்ளைகள் இப்ப சிங்களத்தில்தான் சண்டை பிடிக்கினம்.
எனக்கு அது பள்ளிக்கூடப் பாஷை,
பரீட்சைப் பாஷை.
பிறந்த ஊரிலேயே என்னிடம்
"நன்றாகப் பேசுகிறாயே" என்று
பாராட்டுகிற பாஷை.

சிவப்பு விளக்கில் கடவுச்சீட்டை நீட்டினேன்.
ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார்.
சாய்கோட்டின் மேல் விரலை வைத்து
"அனாக் பெரெம்புவான்,"
என்று வாசித்தார், முழுசாக,
தன் மகளின் பெயரைப் பள்ளியில் சேர்க்கும்போது சொல்வதுபோல்.

பின்னால் ஹோர்ன்.
ஜாவாவுக்கு ஒருநாள் போகவேண்டும் என்று நினைப்பாராம்.
"போய் என்ன செய்ய?
அங்க இறங்கினா சிலோன்காரன் என்பாங்க."

மீட்டர் எழுநூற்றிருபது காட்டியது.
எழுநூறு போதும் என்றார்.
எந்தக் கணக்கில் அந்த இருபது
என்று நான் கேட்கவில்லை.